புள்ளைக்கு உடம்பு சரியில்ல, ஸ்கூலுக்கு அனுப்பலாமா? ஒட்டுவாரொட்டி நோய்கள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கூல் சிக் ரூம்ல இருந்துட்டு பேரன்ட்ஸ் கிட்டயும் டீச்சர்ஸ் கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்ற விஷயங்கள இங்க ஒரே இடத்துல போட்டு வைக்கிறேன். என்ன நோய்னு சொல்றதும் மருந்து குடுக்கறதும் டாக்டர் வேல, அதுல நான் தலையிடல. அனுப்பலாமா வேணாமா, எத்தன நாள் வீட்ல வச்சுக்கணும், மத்த புள்ளைங்களுக்கு வராம என்ன பண்ணலாம், இவ்ளோதான் இங்க.

ஒரு புள்ளைக்கு வந்தா ஏன் கிளாஸ் முழுக்க வருது?

சின்னப் பசங்க எப்படி உக்காருவாங்கன்னு ஒரு பத்து நிமிஷம் பாத்தீங்கன்னா இந்த கேள்வியே வராது. தோளோட தோள் ஒட்டி உக்காருவாங்க, பக்கத்துல இருக்கறவன் பென்சில வாங்கி வாயில வச்சு கடிச்சுட்டு திருப்பிக் குடுப்பாங்க, ஒரே வாட்டர் பாட்டில் நாலு வாய்க்கு போகும், மூக்க தொடச்ச கை அப்படியே ஃப்ரெண்டு கைய புடிச்சுக்கும். அதுக்கு மேல, அவங்க உடம்புக்கு பாதி கிருமிங்க புதுசு, அதனால ஸ்கூல் சேந்த புதுசுல வருஷத்துக்கு 6ல இருந்து 8 தடவ சளி புடிக்கறது சாதாரண விஷயம், அத பாத்து புள்ளைக்கு சத்தே இல்லன்னு பயப்பட வேணாம்.

ஆனா பெரிய காரணம் வேற. நிறைய நோய் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே பரவ ஆரம்பிச்சுடும். ஃப்ளூ காய்ச்சல் வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே, சின்னம்மை கொப்புளம் வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே, பொன்னுக்கு வீங்கி கன்னம் வீங்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே, தட்டம்மை தடிப்பு வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே.

அப்போ யாரு கொண்டு வந்தாங்கன்னு கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க. கிளாஸ் வாட்ஸப் குரூப்ல யாராவது "எந்த புள்ளைன்னு சொல்லுங்க" ன்னு ஆரம்பிப்பாங்க, அடுத்த தடவ யாரும் எதையும் ஸ்கூல்ல சொல்ல மாட்டாங்க, மறைச்சு அனுப்புவாங்க, அவ்ளோதான் நடக்கும். கிளாஸ்ல ஒருத்தருக்கு சின்னம்மை இருக்கு, இந்த தேதி வரைக்கும் உங்க புள்ளைய கவனிங்கன்னு பேர் போடாம ஸ்கூல் ஒரு மெசேஜ் போட்டா போதும்.

எப்போ கண்டிப்பா வீட்ல வச்சுக்கணும்?

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், இல்ல அதுக்கு மேல இருந்தா அனுப்பாதீங்க. மருந்து குடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருந்தா தான் திரும்ப அனுப்பலாம். இந்த "மருந்து குடுக்காமலே" தான் முக்கியம், எல்லாரும் அத விட்டுட்டு மிச்சத்த மட்டும் ஞாபகம் வச்சுக்கறாங்க.

வாந்தி, வயித்துப்போக்கு இருந்தா கடைசியா போனதுல இருந்து 48 மணி நேரம். உடம்புல தடிப்போ கொப்புளமோ கூடவே காய்ச்சலும் இருந்தா டாக்டர் பாத்து சொல்ற வரைக்கும். இது எதுலயும் வராம, ஆனா புள்ள சுருண்டு படுத்துட்டு இருக்கு, விளையாடக் கூட எழுந்திரிக்கலன்னா அதுவும் லீவ் தான், தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும் சரி.

காலையில பாரசிட்டமால் குடுத்து அனுப்பினா சமாளிச்சுடாதா?

இதத்தான் வாரா வாரம் பாக்கறேன். காலையில ஏழு மணிக்கு சிரப், எட்டரைக்கு ஸ்கூல், புள்ள நல்லா சிரிச்சுட்டு தான் வரும். பாரசிட்டமால் வேல செய்யறது நாலுல இருந்து ஆறு மணி நேரம். பதினொன்னு பன்னெண்டு மணிக்கு மருந்து இறங்கும், புள்ள டெஸ்க் மேல தலைய சாய்ச்சு படுக்கும், டீச்சர் கை வச்சு பாத்துட்டு சிக் ரூமுக்கு அனுப்புவாங்க, நான் போன் பண்ணா "காலையில நல்லா தான் மேடம் இருந்தான்" ன்னு பதில் வரும். ஆனா புள்ள கிட்ட கேட்டா அதுவே சொல்லிடும், அம்மா ரோஸ் கலர் மருந்து குடுத்தாங்கன்னு.

மருந்து காய்ச்சல தான் குறைக்குது, கிருமி பரவறத நிறுத்தல. அந்த மூணு நாலு மணி நேரத்துல பக்கத்துல உக்காந்தவங்க எல்லாருக்கும் போயாச்சு.

எனக்கு ஆபீஸ்ல லீவ் கிடைக்காது, புள்ளைக்கு அட்டென்டன்ஸ் போகும். என்ன பண்ண சொல்றீங்க?

நியாயமான கேள்வி, இதுக்கு பதில் சொல்ல வேண்டியது பேரன்ட்ஸ் இல்ல, ஸ்கூல் தான்னு நெனைக்கிறேன். ஒரு பக்கம் "உடம்பு சரியில்லன்னா அனுப்பாதீங்க" ன்னு சர்க்குலர் அனுப்பறாங்க, இன்னொரு பக்கம் வருஷக் கடைசியில ஒரு நாள் கூட லீவ் போடாத புள்ளைக்கு மேடைல கூப்பிட்டு கப் குடுக்கறாங்க. புள்ளைங்க அந்த கப்புக்காக காய்ச்சல மறைக்குதுங்க, வீட்ல அழுது அடம் புடிச்சு வருதுங்க. நூறு சதவீத அட்டென்டன்ஸ் பரிசு மாதிரி நோய பரப்பற ஏற்பாடு வேற எதுவும் இல்லன்னு தைரியமா சொல்வேன். எத்தன சோப்பு வாங்கி வச்சாலும் இத மாத்தலன்னா பிரயோஜனம் இல்ல.

ஸ்கூல் பண்ண வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல. அந்த பரிச நிறுத்தணும், உடம்பு சரியில்லாம போட்ட லீவுக்கு டெஸ்ட்ட திரும்ப எழுத விடணும், மூணு நாள் லீவுக்குள்ள டாக்டர் சர்டிஃபிகேட் கேட்டு அலைய விடக் கூடாது, நடந்த பாடத்த கிளாஸ் டீச்சர் ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும். பேரன்ட்ஸ் பக்கம், காய்ச்சல் வந்த அன்னைக்கு யோசிக்காம, இன்னைக்கே யாரு வீட்ல இருக்க முடியும்னு பேசி வச்சுக்கங்க. பாட்டி, சித்தி, மேல் வீட்டு அக்கா, ரெண்டு பேரும் அர நாள் அர நாள் மாத்தி லீவ், எதுவா இருந்தாலும். ஒண்ணு மட்டும், வயசானவங்க கிட்ட விடறதா இருந்தா அவங்களுக்கு ஃப்ளூ தொத்தினா ஆபத்து அதிகம், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

மூக்கு மட்டும் ஒழுகுது, காய்ச்சல் இல்ல. அனுப்பலாமா?

அனுப்பலாம். சாதா சளிக்கெல்லாம் லீவ்னா பாதி வருஷம் ஸ்கூலே கிடையாது. கூட ரெண்டு கர்ச்சீப் வச்சு விடுங்க, முழங்கை மடிப்புல இருமவும் தும்மவும் பழக்குங்க.

சளி பச்சையா இருக்கே, ஆன்டிபயாட்டிக் வேணுமா?

கலர வச்சு முடிவு பண்ண முடியாது. சாதா வைரஸ் சளியே ரெண்டு மூணு நாள்ல மஞ்சளாகும் பச்சையாகும், அது நோய எதிர்க்கற செல்லுங்க கலந்து வர்ற கலர். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேல செய்யாது, போன தடவ மீந்த பாட்டில் ஃப்ரிட்ஜ்ல இருக்குன்னு எடுத்துக் குடுக்கறது ரொம்பத் தப்பு. சளி போனப்புறமும் இருமல் ரெண்டு மூணு வாரம் இழுக்கும், புள்ள மத்தபடி நல்லா இருந்தா அந்த இருமலோட ஸ்கூலுக்கு வரலாம். ஆனா இருமி இருமி மூச்ச இழுக்கறப்ப கூவற மாதிரி சத்தம் வருது, இருமல் முடியறப்ப வாந்தி வருதுன்னா கக்குவான் இருமலான்னு டாக்டர் கிட்ட காட்டியே ஆகணும்.

எந்த நோய்க்கு எத்தன நாள் லீவ்?

சின்னம்மைக்கு எல்லா கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டற வரைக்கும், பொதுவா அஞ்சுல இருந்து ஏழு நாள் ஆகும், ஒரே ஒரு புது கொப்புளம் இருந்தாலும் இன்னும் முடியலன்னு அர்த்தம். தட்டம்மைக்கு தடிப்பு வந்த நாள்ல இருந்து நாலு நாள். பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் ஆரம்பிச்சதுல இருந்து அஞ்சு நாள். கக்குவான் இருமல்னா ஆன்டிபயாட்டிக் அஞ்சு நாள் முடிக்கணும், மருந்தே எடுக்கலன்னா இருமல் ஆரம்பிச்சு மூணு வாரம். ஸ்ட்ரெப்னு (ஒரு வகை பாக்டீரியா) டாக்டர் சொன்ன தொண்டை வலிக்கு ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சு 24 மணி நேரம், அப்புறம் ஸ்கூலுக்கு வரலாம், ஆனா கோர்ஸ் முழுசா முடிக்கணும். சீழ் வச்ச சிரங்குக்கு மருந்து ஆரம்பிச்சு 48 மணி நேரம், இல்ல புண்ணெல்லாம் காயற வரைக்கும். ஹெப்படைட்டிஸ் ஏ மஞ்சக்காமாலைன்னா கண்ணு மஞ்சளான நாள்ல இருந்து ஒரு வாரம்.

உங்க ஊர் சுகாதாரத் துறையோ ஸ்கூலோ இத விட கூடுதலா சொன்னா அதத்தான் கேக்கணும்.

கன்னம் ரெண்டும் அறைஞ்ச மாதிரி செவந்திருக்கு, டாக்டர் ஃபிஃப்த் டிசீஸ்னு சொன்னார். எத்தன நாள்?

லீவே வேணாம். அந்த சிவப்பு வர்றப்ப பரவற காலம் முடிஞ்சு போச்சு. ஆனா கர்ப்பமா இருக்கற டீச்சர் யாராவது அந்த கிளாஸுக்கு வந்திருந்தா அவங்க கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

கை கால் வாய் நோய் ஒரு தடவ வந்தா போதும், கிளாஸே காலி ஆகுதே?

ஆமா, அதோட குணம் அப்படி. வாய்ப்புண், உள்ளங்கை உள்ளங்கால்ல கொப்புளம், லேசா காய்ச்சல். முதல் வாரம் ரொம்ப பரவும், ஆனா மலத்துல வைரஸ் வாரக்கணக்குல வந்துட்டே இருக்கும், அதனால கொப்புளம் போயிடுச்சுன்னு கை கழுவறத விட்டுடக் கூடாது. காய்ச்சல் போயி, வாயில எச்சில் வடியறது நின்னு, கொப்புளம் காஞ்சப்புறம் அனுப்புங்க. ஒரு தடவ வந்தா திரும்ப வராதுன்னும் கிடையாது, இத உண்டாக்கற வைரஸ்ல பல வகை இருக்கு. வீட்ல டயப்பர் மாத்தற தம்பி தங்கச்சி இருந்தா அங்கயும் கை கழுவறத கவனிங்க.

தட்டம்மைய பத்தி ஏன் இவ்ளோ பயமுறுத்தறீங்க, எங்க காலத்துல எல்லாருக்கும் வந்துச்சே?

வந்துச்சு, நிறைய புள்ளைங்க செத்தும் போச்சு, செத்தவங்க வந்து இந்த கேள்விய கேக்கறது இல்ல. 1963ல தடுப்பூசி வந்ததுக்கு அப்புறம் தான் நிலைமை மாறிச்சு. சென்ட் போட்டவங்க போனப்புறமும் ரூம்ல வாசன நிக்கற மாதிரி, தட்டம்மை இருக்கற புள்ள கிளாஸ விட்டு வெளிய போயும் ரெண்டு மணி நேரம் வரைக்கும் அந்த வைரஸ் காத்துல இருக்கும். ஊசி போடாத 10 பேர் பக்கத்துல இருந்தா 9 பேருக்கு வரும். நிமோனியா, மூளைக் காய்ச்சல் வரைக்கும் போகலாம், அதோட ஏற்கனவே மத்த நோய்ங்களுக்கு உடம்பு சேத்து வச்ச எதிர்ப்பு சக்தியவும் அழிச்சுட்டு போகும், அதனால தட்டம்மை வந்து போன புள்ளைக்கு அடுத்தடுத்து வேற ஏதாவது வந்துட்டே இருக்கும்.

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூணுக்கும் சேத்து போடற எம்எம்ஆர் ஊசி ரெண்டு டோஸ் போட்டா நூத்துல 97 பேருக்கு தட்டம்மைல இருந்து பாதுகாப்பு, ஒரு டோஸ்னா 93. ஸ்கூல்ல பரவாம இருக்கணும்னா நூத்துக்கு 95 பேராவது போட்டிருக்கணும். அதனால அட்மிஷன் அப்போ தடுப்பூசி கார்ட ஜெராக்ஸ் வாங்கி ஃபைல்ல வச்சா மட்டும் போதாது, யாருக்கு ரெண்டாவது டோஸ் பாக்கின்னு ஒருத்தர் உக்காந்து பாத்து போன் பண்ணணும். நெறைய இடத்துல ஃபைல் இருக்கும், பாத்த ஆள் இருக்காது. கிளாஸ்ல ஒருத்தருக்கு தட்டம்மைன்னு தெரிஞ்சா, ஊசி போடாத புள்ளைங்களுக்கு 72 மணி நேரத்துக்குள்ள போட்டா கூட தடுக்க வாய்ப்பு இருக்கு, அதனால அந்த போன் அன்னைக்கே போகணும்.

சின்னம்மை சின்ன வயசுலயே வந்துட்டா நல்லதுன்னு வேணும்னே பழக விடலாமா?

வேணாம். எந்த புள்ளைக்கு லேசா வரும், எந்த புள்ளைக்கு நிமோனியா ஆகும்னு முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது. வந்து போன வைரஸ் நரம்புல தங்கி வயசானப்புறம் அக்கியா வேற வரும். இதுக்கு தடுப்பூசி இருக்கு. சின்னம்மை, ஃப்ளூ இருக்கற புள்ளைக்கு ஆஸ்பிரின் குடுக்கவே கூடாது, மூளையவும் ஈரலையும் பாதிக்கற ரேய்ஸ் சிண்ட்ரோம் வர ஆபத்து இருக்கு.

கை கழுவ சொல்லிக் குடுத்தாச்சு, இன்னும் என்ன?

சொல்லிக் குடுத்தத ஒரு நாள் நின்னு பாருங்க. குழாய திறப்பாங்க, உள்ளங்கைய ரெண்டு தடவ தேய்ப்பாங்க, சட்டையில தொடச்சுட்டு ஓடுவாங்க, மொத்தம் நாலு செகண்ட். கட்ட விரலும் நுனி விரலும் தண்ணியே படாம இருக்கும், ஆனா மூக்குக்குள்ளயும் வாய்க்குள்ளயும் போறது அந்த விரலுங்க தான். சோப்பு போட்டு 20 செகண்ட், உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்ட விரல சுத்தி, நகத்த உள்ளங்கையில சுரண்டற மாதிரி, அப்புறம் கழுவி தொடைக்கணும். ஈரக் கையில கிருமி சீக்கிரம் ஒட்டும், அதனால தொடைக்கறதும் சேத்தி தான். சுடு தண்ணி வேணும்னு இல்ல, பச்சத் தண்ணியே போதும்.

சாப்பிடறதுக்கு முன்னாடி, டாய்லெட் போயிட்டு, விளையாடிட்டு வந்ததும், இந்த மூணு நேரம் போதும். ஆனா அதுக்கு டைம் குடுக்கணும். நாப்பது புள்ளைங்களுக்கு ரெண்டு குழாய், லஞ்ச் பெல் அடிச்சு அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் உக்காரணும்னா எப்படி கழுவுவாங்க? இன்னொண்ணு, சோப்பு திருட்டுப் போகுதுன்னு ஆபீஸ் ரூம்ல பூட்டி வைக்கற ஸ்கூல் இருக்கு. போனா போகட்டும், இன்னொண்ணு வைங்க.

ஹேண்ட் சானிடைசர் இருக்கே, அது போதாதா?

ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு மேல இருந்தா ஃப்ளூ மாதிரி கிருமிங்களுக்கு நல்லா வேல செய்யும். ஆனா வாந்தி பேதி பரப்பற நோரோவைரஸுக்கும் கை கால் வாய் நோய்க்கும் சரியா வேல செய்யாது, அதுக்கு சோப்பு தண்ணி தான். கையில அழுக்கு மண்ணு இருந்தாலும் அப்படித்தான்.

கிளாஸ்லயே ஒரு புள்ள வாந்தி எடுத்துடுச்சு, எப்படி சுத்தம் பண்றது?

முதல்ல மத்த புள்ளைங்கள வெளிய கூட்டிட்டு போயி ஜன்னல் எல்லாத்தையும் திறங்க. நோரோவைரஸா இருந்தா கண்ணுக்குத் தெரியாத துளிங்க சுத்திலும் பறந்திருக்கும், ரொம்ப கொஞ்சம் வைரஸ் உள்ள போனாலே தொத்திக்கும். சுத்தம் பண்றவங்க க்ளவுஸும் மாஸ்க்கும் போட்டுட்டு, மேல பேப்பரோ பழைய துணியோ போட்டு ஊற விட்டு, ஓரத்துல இருந்து நடுவுக்கு வழிச்சு எடுத்து கவர்ல கட்டிடணும். வெளக்கமாத்தால தள்ளக் கூடாது, பரவிடும். அப்புறம் சோப்பு தண்ணியால தொடச்சுட்டு, 5 சதவீத ப்ளீச்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 20 மில்லி கலந்து ஊத்தி பத்து நிமிஷம் விட்டு தொடைக்கணும். இந்த பத்து நிமிஷத்த தான் யாரும் விடறது இல்ல, ஊத்தின கையோட தொடச்சுடறாங்க. ப்ளீச்ச ஆசிட் கூடவோ வேற எந்த க்ளீனர் கூடவோ கலக்காதீங்க, விஷ வாயு வரும்.

இத பண்ற ஆயாம்மாவுக்கு க்ளவுஸ் எங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும், பீரோ சாவி யார் கிட்டன்னு அப்போ தேடக் கூடாது.

ஸ்கூல் முழுக்க மருந்து புகை அடிச்சா எல்லாம் செத்துடாதா?

போட்டோ நல்லா வரும். குழாய் திருகு, கதவு கைப்பிடி, டெஸ்க், டாய்லெட் ஃப்ளஷ் பட்டன், இத தினமும் தொடைக்கறதுல தான் பலன். புள்ளைங்க மேல மருந்து தெளிக்கறது கூடவே கூடாது, எந்த நிலைமையிலயும் மனுஷங்க மேல தெளிக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமே 2020ல சொல்லிடுச்சு.

ஏசி கிளாஸ் நல்லதா?

ஜன்னல மூடி வச்சு அதே காத்த சுத்த விடற ஏசி நல்லதில்ல. எதிரெதிர் ரெண்டு ஜன்னலோ, ஒரு ஜன்னலும் கதவுமோ திறந்து இருந்தா காத்து உள்ள வந்து வெளிய போகும். ஏசி போட்டே ஆகணும்னா ஒவ்வொரு பீரியட் முடியறப்பவும் அஞ்சு நிமிஷம் எல்லாத்தையும் திறந்து விடுங்க.

பேன் இருந்தா வீட்டுக்கு அனுப்பணுமா?

என் கருத்து, வேணாம். கண்ணுல படறப்ப அந்த பேன் வந்து வாரக்கணக்கு ஆகியிருக்கும், இன்னைக்கு ஒரு நாள் வெரட்டி ஒண்ணும் ஆகப் போறது இல்ல, புள்ள அவமானப்படறது தான் மிச்சம். பேன் பறக்காது, தாவாது, தலையும் தலையும் ஒட்டறப்ப ஊர்ந்து போகும். தலைய விட்டு கீழ விழுந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துடும், அதனால வீட்டையே கழுவிக் கொட்ட வேண்டாம், சீப்பு, தலையணை உறை, டவல் போதும்.

முடிய நனைச்சு கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால வேர்ல இருந்து நுனி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு வாரணும், ஒவ்வொரு வாருக்கும் சீப்ப வெள்ளத் துணியில தொடச்சு பாருங்க, அப்போ தான் தெரியும். காதுக்குப் பின்னாடியும் பிடரியிலயும் தான் நிறைய இருக்கும். ஈரு, அதாவது பேன் முட்டை, பொரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால ஒரு தடவ ஷாம்பூ போட்டுட்டு முடிஞ்சதுன்னு விட்டா திரும்ப வரும். ஒன்பதாவது நாள் வாக்குல இன்னொரு தடவ மருந்து, நடுவுல சீப்பு. அன்னைக்கே வீட்ல எல்லார் தலையும் பாருங்க, அப்பா தலையும் சேத்து.

மெட்ராஸ் ஐ வந்தவங்கள பாத்தாலே வருமா, கருப்பு கண்ணாடி போட்டா தடுக்குமா?

பாத்தா வராது. கண்ண கசக்கின கை பட்ட டவல், தலையணை, பென்சில் வழியா வரும். கண்ணாடி வெளிச்சம் கூசாம இருக்கத்தான். கண்ணுல பூள தள்ளிட்டு தண்ணியா வழியறப்ப வீட்ல இருக்கட்டும், சொட்டு மருந்த வீட்ல எல்லாரும் பங்கு போட்டுக்காதீங்க.

சொறி சிரங்கு மருந்து தடவியும் அரிப்பு போகலயே?

செத்த பூச்சி தோலுக்குள்ள இருக்கற வரைக்கும் அரிக்கும், ரெண்டுல இருந்து நாலு வாரம் வரைக்கும் போகலாம். ஆனா வீட்ல எல்லாரும் ஒரே நாள் ராத்திரி தடவினீங்களான்னு கேட்டா பெரும்பாலும் இல்லன்னு தான் சொல்றாங்க, அரிப்பு இல்லாதவங்களும் தடவணும். டாக்டர் சொன்ன மாதிரி முதல் தடவ மருந்து போட்ட மறுநாள் ஸ்கூலுக்கு வரலாம்.

கிளாஸ்ல கேன்சர் சிகிச்சையில இருக்கற புள்ள இருந்தா?

அந்த பேரன்ட்ஸ் ஸ்கூல்ல முன்னாடியே சொல்லி வைக்கணும், ஸ்கூலும் சின்னம்மை தட்டம்மை எங்க தலை காட்டினாலும் அவங்களுக்குத் தான் முதல் போன் பண்ணணும், ராத்திரியா இருந்தாலும். வந்ததுக்கு அப்புறம் பாக்கறத விட, கிட்ட இருந்துச்சுன்னு தெரிஞ்ச உடனே குடுக்கற ஊசி உண்டு, அதுக்கு நாள் கணக்கு இருக்கு. கர்ப்பமா இருக்கற டீச்சருக்கும் இதே தான், ருபெல்லாவும் சேத்து.

எப்போ லீவ், ஸ்கூல் எல்லாம் விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

மூச்சு வேகமா வாங்குது, விலா எலும்புக்கு நடுவுல குழி விழுது. எழுப்பினாலும் சரியா முழிக்கல. எட்டு மணி நேரமா ஒண்ணுக்கு போகல. வலிப்பு வந்துச்சு. காய்ச்சலோட கழுத்த மடக்க முடியல, வெளிச்சம் பாக்க முடியல. தோல்ல செவப்பு ஊதா புள்ளிங்க இருக்கு, அது மேல கண்ணாடி டம்ளர வச்சு அழுத்தினாலும் மறையல. இதுல எது இருந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

நிறைய பேருக்கு வந்துட்டா ஸ்கூலையே ஒரு வாரம் மூடிட்டா என்ன?

சுகாதாரத் துறை சொன்னா மூடணும். நாமளா மூடினா, புள்ளைங்க ஸ்கூல்ல சேராம டியூஷன்லயும் விளையாடற இடத்துலயும் சேந்துக்கும், சின்னம்மை மாதிரி தொத்தி வெளிய தெரியவே 10ல இருந்து 21 நாள் ஆகற நோய்க்கு ஒரு வாரம் எந்த மூலைக்கு? மூடாம, ரெண்டு மூணு வாரத்துக்கு கிளாஸ ஒண்ணோட ஒண்ணு கலக்காம அசெம்பிளிய அவங்கவங்க கிளாஸ்லயே வச்சு, காலையில முதல் பீரியட்ல டீச்சர் ஒவ்வொரு முகத்தையும் ஒரு தடவ பாத்து, சோர்வா இருக்கற புள்ளைய அப்பவே சிக் ரூமுக்கு அனுப்பினா போதும்.